நாடும் ஏடும்

வீட்டின் வரவுசெலவை அறியாதவன் அவ்வீட்டை நடத்த இயலாது. அவ்வாறே, குடிகள் எத்தனையர், விளைநிலம் எவ்வளவு, எது எவர்க்கு உரியது என்பவற்றை அறியாத அரசும் முறைசெய்ய இயலாது. இச்செய்திகளின் தொகுதியை இக்காலத்தார் ‘தரவு’ என வழங்குவர். அதனைத் திரட்டிக் காத்து, வேண்டியபொழுது வழங்கும் அமைப்பை நாடெங்கும் நிறுவுதல் இன்றைய அரசுகளின் தலையாய பணிகளுள் ஒன்று. பெயர் புதிது, பணியோ பழைது. அதற்கு மதுரையே சான்று.

கி.பி. 8-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதுரையில் இருந்து ஆண்டவன் பராந்தக நெடுஞ்சடையன் என்னும் பாண்டியன். அவனது மூன்றாம் ஆட்சியாண்டில், கூடல் நகரில் நற்சிங்கன் என்பான் அரசன் செவிப்பட முறையிட்டான். வேள்விக்குடி என்னும் ஊரைப் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி தன் முன்னோனாகிய நற்கொற்றனுக்கு வழங்கினான் என்றும், பின்னர்க் களப்பிரர் அதனைப் பறித்தனர் என்றும் அவன் கூறினான். கொடுத்தவனும் பெற்றவனும் மறைந்து பல நூற்றாண்டுகள் கழிந்திருந்தன. அரசன் அவனைச் சினந்திலன். உடனே நம்பவும் இல்லை. அப்பழைய உரிமையை நாட்டாரைக் கொண்டு மெய்ப்பிக்குமாறு பணித்தான். நற்சிங்கன் அவ்வாறே மெய்ப்பித்தான்; ஊரை மீண்டும் பெற்றான். அவ்வரலாறு முழுவதும் செப்பேட்டில் பொறிக்கப்பெற்றது. அதுவே வேள்விக்குடிச் செப்பேடு.

இதனால் இரண்டு உண்மைகள் விளங்கும். ஏட்டில் எழுதுவது ஊரறிந்த மெய்யாக இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. மெய்யாயினும் அழியாதவாறு எழுதிக் காத்தல் வேண்டும் என்பது மற்றொன்று.

இன்றும் மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் முதலிய வட்டங்களின் உழவர்க்கு ஊர்க்கணக்கே துணை. நில உரிமையைக் காட்டுவது பட்டா. ஒவ்வொரு புல எண்ணிலும் விளைந்த பயிரைக் காட்டுவது அடங்கல். தந்தை இறந்த பின்னரும் பட்டாவில் மகன் பெயர் ஏறாதிருப்பின், வறட்சி நிவாரணமும் வங்கிக் கடனும் அவனுக்கு எளிதிற் கிட்டா. நிலம் காலடியில் இருந்தும் ஏட்டில் இல்லாத நிலை அது. இக்குறையைக் களையவே ஆண்டுதோறும் வருவாய்த் தீர்வாயம் நடைபெறுகின்றது. மக்கள் அதனை ஜமாபந்தி என்பர். ஊர்க்கணக்குகள் அங்கே தணிக்கை செய்யப்பெறும். குடிகளும் தம் மனுக்களைக் கொடுப்பர். முன்னாளில் நாட்டார் கூறிய சான்றின் இடத்தில் இன்று இவ்வேற்பாடு நிற்கின்றது எனலாம்.

நிலக்கணக்கைப் போன்றதே மக்கட்கணக்கும். நம் நாட்டில் 1881 முதல் 2011 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் எண்ணப்பெற்றனர். 2011-இல் மதுரை மாவட்டத்தில் 30,38,252 பேர் இருந்தனர். கொரோனா நோயால் 2021-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு நிகழவில்லை. அடுத்த கணக்கெடுப்பை 2027-இல் நடத்துவதற்கான அறிவிக்கை 2025-இல் வெளிவந்தது. கணக்குப் பழையதாயின், புதிதாகத் தோன்றிய குடியிருப்புக்குப் பள்ளி வேண்டுமா, மருந்தகம் வேண்டுமா என அரசு எவ்வாறு அறியும்?

செப்பேட்டின் இடத்தை இன்று கணிப்பொறி பெற்றுள்ளது. 1976-இல் தோன்றிய தேசியத் தகவலியல் மையம் தில்லி, புனே, ஐதராபாத்து, புவனேசுவரம் ஆகிய நகரங்களில் தரவு மையங்களை நிறுவியது. ஓரிடத்துச் செய்திக்கு வேறோரிடத்தும் படி வைத்தலே இத்தகைய மையங்களின் முறை. ஓரிடத்தில் தீயோ வெள்ளமோ நேரினும் செய்தி முற்றும் அழியாது. தாலுகா அலுவலகத்தில் காத்திராமலே உழவன் தன் பட்டாவை இணையத்தில் காண்பதும் இயல்வதாயிற்று. எனினும் விரைவு வேறு, மெய்ம்மை வேறு. பிழையாகப் பதிந்த பெயரைக் கணிப்பொறி தானே திருத்துவதில்லை. அப்பிழையை விரைந்து பரப்பவே செய்யும்.

திரட்டிய செய்தியைக் காத்தலும் அரசின் கடன். கணக்கெடுப்பில் ஒருவர் கூறும் விடையைப் பிறர்க்கு வெளியிடலாகாது என 1948-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. தனிமை அடிப்படை உரிமையே என உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-இல் தீர்ப்பளித்தனர். தனிநபர் தரவுகளைக் காக்கும் சட்டம் 2023-இல் இயற்றப்பெற்றது.

குடிகள் மெய் உரைத்தல் வேண்டும். அலுவலர் பிழையறப் பதிதல் வேண்டும். அரசு அதனைப் பழுதுபடாது காத்தல் வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே அமைந்த நாட்டில், எளியவன் தன் உரிமைக்காக அரசன் செவிப்படக் கூவி நிற்க வேண்டுவதில்லை. ஏடே அவனுக்காகப் பேசும்.