கஸ்டமர் ஐடியா, கஸ்ட் நம்பரா?

கஸ்டமர் என்று ஒரு டேபிள் இருக்கிறது. ஆர்டர் டேபிளில் அந்த வாடிக்கையாளரைச் சுட்டும் ஃபீல்டின் பெயர் கஸ்ட்_ஐடி. பில் டேபிளில் அதுவே கஸ்டமர்_நம்பர். புகார் டேபிளில் வெறும் சி_ஐடி. மூன்றும் சுட்டுவது ஒரே ஆளைத்தான் என்பது அதை எழுதியவர்களுக்குத் தெரியும். அவர்கள் வேலை மாறிப் போன பிறகு வருபவர் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு டேபிளின் பெயர் தெரிந்தால், அதைச் சுட்டும் ஃபீல்டுகளின் பெயரைப் பார்க்காமலே சொல்ல முடிய வேண்டும். பெயரிடும் விதியிடம் நாம் கேட்பது இவ்வளவுதான். ஆனால் இதைச் சுற்றிப் புரோகிராமர்களிடையே உலவும் நம்பிக்கைகள் கொஞ்சநஞ்சமல்ல.

நம்பிக்கை: டேபிள் பெயர் ஒருமையில் இருப்பதுதான் சரி. (அடுத்த இருக்கைக்காரரின் நம்பிக்கை: பன்மையில் இருப்பதுதான் சரி.)

உண்மை: இரண்டும் ஓடும், வேகத்தில் வித்தியாசம் இல்லை. ரிலேஷனல் முறைக்கு அடித்தளமிட்ட எட்கர் காட் 1970இல் எழுதிய கட்டுரையில் எம்ப்ளாயீ என்று ஒருமையும் வருகிறது, சில்ட்ரன் என்று பன்மையும் வருகிறது. மூதாதையர் தீர்ப்பு சொல்லாமல் விட்ட வழக்கு இது.

உண்மையான செலவு வேறு இடத்தில் இருக்கிறது: ஒரு பெயரிலிருந்து இன்னொன்றைப் பெறும் வேலையில். ரூபி ஆன் ரெயில்ஸில் மாடலுக்குப் பெர்சன் என்று பெயர் வைத்தால் டேபிள் பீப்பிள் ஆகும், சுட்டும் ஃபீல்டு பெர்சன்_ஐடி ஆகும். இதற்காக ரெயில்ஸுக்குள் ஆங்கில இலக்கண விதிகளின் பட்டியல் ஒன்றே இருக்கிறது. பன்மை ஏற்காத சொற்களின் வரிசையில் ஷீப், ஃபிஷ் ஆகியவற்றோடு ரைஸும் உண்டு. அரிசி மண்டிக்கு மென்பொருள் எழுதுபவர்கள் கவலைப்பட வேண்டாம். ஜாங்கோ வேறு வழியில் போகிறது: ஆப் பெயரையும் மாடல் பெயரையும் ஒருமையிலேயே ஒட்டி, ஷாப்_கேட்டகிரி என்பதுபோல் டேபிளுக்குப் பெயர் வைக்கிறது. ஆனால் நிர்வாகப் பக்கத்தில் பன்மை காட்ட, சொல் எதுவானாலும் கடைசியில் ஓர் எஸ் எழுத்தை ஒட்டிவிடும். கேட்டகிரி அங்கே எழுத்துப்பிழையோடு நிற்பதைப் பார்க்காத ஜாங்கோ புரோகிராமர் அரிது.

என் கட்சி ஒருமை. பெயரை அப்படியே எடுத்து ஐடி என்று சேர்த்தால் வேலை முடிந்தது, இலக்கணப் பட்டியல் தேவையில்லை. ஆனாலும் முழுக்கப் பன்மையில் இருக்கும் தரவுத்தளத்தில் மனநிறைவோடு வேலை செய்யலாம். பாதிக்குப் பாதி கலந்து கிடப்பதில்தான் முடியாது.

நம்பிக்கை: சுட்டும் ஃபீல்டுக்கு எப்போதும் டேபிள் பெயரும் ஐடியும் போதும்.

உண்மை: ஒரே டேபிளை இரண்டு முறை சுட்ட நேர்ந்தால் இந்த விதி உடைந்துவிடும். ரயில் டேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லை எக்ஸ்பிரஸ் சென்னை எழும்பூரில் புறப்படுகிறது, திருநெல்வேலியில் முடிகிறது. இரண்டும் ஸ்டேஷன் டேபிளில் உள்ள வரிசைகள். ஒரு ஃபீல்டுக்கு ஸ்டேஷன்_ஐடி என்று வைத்தால் மற்றதற்கு என்ன வைப்பது? அவசரக்காரர்கள் ஸ்டேஷன்_ஐடி_1, ஸ்டேஷன்_ஐடி_2 என்று வைப்பார்கள். ஒன்று புறப்படும் ஊரா, சேரும் ஊரா என்று பெயரைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. ரிட்டர்ன் டிக்கெட் வரும்போது சிக்கல் இரட்டிப்பாகும்.

இதற்கும் காட் அதே 1970 கட்டுரையில் வழி சொல்லியிருக்கிறார். ஓர் உதிரிபாகம் இன்னோர் உதிரிபாகத்துக்குள் அடங்குவதைச் சொல்லும் டேபிளில், பாகம் என்பது இரண்டு முறை வருகிறது. அடங்குவதை சப் என்றும் அடக்குவதை சூப்பர் என்றும் முன்னொட்டு வைத்துப் பிரிக்கிறார். பாத்திரப் பெயர் முன்னே, பொருளின் பெயர் பின்னே. நம் ரயிலுக்கு அது ஃப்ரம்_ஸ்டேஷன்_ஐடி, டு_ஸ்டேஷன்_ஐடி. வால் மாறவில்லை என்பதால் இரண்டும் ஸ்டேஷன் டேபிளின் பிள்ளைகள் என்று பார்த்ததுமே தெரிகிறது. ரெயில்ஸ் போன்றவற்றில் இந்த மாதிரி உறவுக்கு எந்த மாடல் என்று ஒரு வரி கூடுதலாக எழுத வேண்டியிருக்கும். எழுதுங்கள், அந்த ஒரு வரியை மிச்சம் பிடிப்பதற்காகப் பொருளைத் தொலைக்காதீர்கள்.

நம்பிக்கை: எல்லா டேபிளிலும் ஒரே பெயர் இருந்தால் இணைப்பது தானாக நடக்கும்.

உண்மை: நடக்கும், அதுதான் ஆபத்து. நேச்சுரல் ஜாயின் பெயர் ஒத்துப்போகும் எல்லா ஃபீல்டுகளையும் சேர்த்தே பொருத்திப் பார்க்கும். இரண்டு டேபிளிலும் கிரியேட்டட்_அட் இருந்தால், வாடிக்கையாளர் பதிவான நொடியும் ஆர்டர் பதிவான நொடியும் ஒன்றாக இருக்கும் வரிசைகள் மட்டுமே வரும். அதாவது ஒன்றுமே வராது. பிழைச் செய்தியும் வராது. எந்த ஃபீல்டில் இணைப்பது என்பதை யூஸிங் அல்லது ஆன் கொண்டு நீங்களே சொல்லிவிடுங்கள்.

நம்பிக்கை: இரண்டு டேபிள்களை இணைக்கும் டேபிளுக்கு இரண்டு பெயரையும் ஒட்டினால் போதும்.

உண்மை: வெறும் இணைப்பு என்றால் போதும். எது முன்னே என்பதற்கு ரெயில்ஸ் அகரவரிசையை வைத்திருக்கிறது: ஆத்தர்ஸ்_புக்ஸ். மாணவர், பாடம் இரண்டையும் இணைக்கும் இடத்தில் சேர்ந்த தேதியும் மதிப்பெண்ணும் வந்துவிட்டால், அது தனிப் பொருள். என்ரோல்மென்ட் என்று சொந்தப் பெயர் கொடுங்கள்.

நம்பிக்கை: கன்ஸ்ட்ரெயின்ட்களுக்குப் பெயர் வைக்கத் தேவையில்லை, தரவுத்தளமே வைத்துக்கொள்ளும்.

உண்மை: போஸ்ட்கிரஸில் இது பெரும்பாலும் சரி. டேபிள், ஃபீல்டு, கடைசியில் எஃப்கீ என்று ஊகிக்கக்கூடிய பெயரையே அது வைக்கும். ஆரக்கிள் தன் இஷ்டத்துக்கு ஓர் எண்ணைப் போட்டு எஸ்ஒய்எஸ்_சி என்று தொடங்கும் பெயர் வைக்கும். எஸ்க்யூஎல் சர்வர் புரியாத எழுத்தும் எண்ணும் கலந்த வாலை ஒட்டும். சோதனைச் சர்வரில் ஒரு பெயர், நிஜச் சர்வரில் வேறு பெயர். பிறகு அந்த கன்ஸ்ட்ரெயின்டை நீக்க எழுதிய ஸ்கிரிப்ட் ஓரிடத்தில் ஓடி, மற்ற இடத்தில் நிற்கும். எஸ்க்யூஎல்ஆல்கெமி பயன்படுத்துபவர்கள் பெயரிடும் விதியை ஒரே இடத்தில் எழுதிவைக்கலாம், மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

நம்பிக்கை: பெயர் எவ்வளவு நீளமோ அவ்வளவு தெளிவு.

உண்மை: ஆரக்கிளில் 12.2 பதிப்புக்கு முன்புவரை 30 பைட்தான் எல்லை, இப்போது 128. போஸ்ட்கிரஸில் 63. அதைத் தாண்டினால் வேலையை நிறுத்தாது. ஒரு சிறு அறிவிப்போடு வாலை வெட்டிவிடும். பெறப்பட்ட பெயர்களில் வேறுபாடு வாலில்தான் இருக்கும் என்பதால், வெட்டிய பிறகு இரண்டு பெயர்கள் ஒன்றாகி மோதுவது நடக்கும். தமிழிலேயே பெயர் வைக்க விரும்புவோர் இன்னும் கவனிக்க வேண்டும். போஸ்ட்கிரஸ் தமிழ்ப் பெயரை ஏற்கும். ஆனால் யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். வாடிக்கையாளர் என்ற சொல் மட்டுமே 39 பைட். வாடிக்கையாளர்_முகவரி 58. அதோடு _எண் சேர்த்தால் 68, எல்லை தாண்டிவிட்டது.

டேபிள் பெயருக்கு முன்னால் டிபிஎல்_ போடும் பழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாளை அந்த டேபிள் வியூவாக மாறினால் பெயர் பொய் சொல்லும்.

நம்பிக்கை: பழைய தரவுத்தளத்தில் புது டேபிளை மட்டுமாவது சரியான விதியில் வைப்போம்.

உண்மை: பழைய விதி பிடிக்காவிட்டாலும், அது விதியாக இருக்கும் பட்சத்தில் அதையே பின்பற்றுங்கள். உங்கள் ஒரு டேபிளால் அங்கே இருப்பது இரண்டு விதிகளாகிவிடும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் எல்லா டேபிளையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய பெயரில் ஒரு வியூ வைத்தால் பழைய அறிக்கைகளும் கொஞ்ச காலம் ஓடும். விதியை ஒரே பக்கத்தில் எழுதி, கோடு இருக்கும் அதே இடத்தில் வைத்துவிடுங்கள். புதிதாக வருபவர் அதைத் தேடி உங்களிடம் வரவேண்டியிருக்காது.