நண்பகல் வெயிலும் சோலைமந்தியும்

வெயில் மிகுந்தால் படம் தெளிவாக விழும் என்றே நாமும் எண்ணியிருந்தோம். மாணவருடன் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவிற்குச் சென்ற நாளில், நண்பகலில் ஒரு சோலைமந்தியைப் படமெடுத்தோம். சிங்கவால் குரங்கு என நூல்கள் குறிப்பது இதனையே. சோலைமந்தி என்னும் பெயரே நமக்கு இனிது. படத்தில் அதன் சாம்பல் நிறப் பிடரி வெளிறிப்போயிற்று. கரிய முகமோ கண்ணற்ற குழியாய் நின்றது. துறைச் சுவருக்கென எடுத்த படம் மேசை அறைக்குள் போயிற்று.

காரணம் யாது? கேமராவின் ஒளிமானி எதனையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கொள்ளும். படச் சட்டத்தைக் கரிய விலங்கு நிறைத்தால் ஒளியைக் கூட்டும். வெள்ளைப் புலி நிறைத்தால் குறைக்கும். ஆகவே முன்னதற்கு நாம் சற்றுக் குறைத்தும் பின்னதற்குக் கூட்டியும் அமைத்தல் வேண்டும். எனினும் ஒரே முகத்தில் கருமையும் வெண்மையும் கூடுமிடத்து இக்கணக்கு உதவாது. உச்சியில் நிற்கும் கதிரவன் புருவ நிழலைக் கண்மேல் வீழ்த்துகிறான். ஃபிளாஷ் ஒளி விலங்கை மருட்டும், அது வேண்டா. மந்தி தானே மரநிழலுக்கு ஒதுங்கும்வரை காத்திருத்தலே வழி.

மறுமுறை அவ்வாறே காத்திருந்தோம். பழுப்புக் கண்கள் தெளிவாய் விழுந்தன. “ஐயா, இது வேறு குரங்கா?” என்றார் மாணவர் ஒருவர்.