சில்லையும் பார்த்து வாங்கு

ஸ்காபரோ
ஒக்டோபர் 12

அன்பின் மருமகனுக்கு,

மொன்றியலில் வீடு சரிவந்துவிட்டது என்று அம்மா சொன்னா. "இருக்கிற ரயரோடயே பனிக்காலத்தையும் ஓட்டப் போறானாம், நீயாவது ஒரு சொல்லுச் சொல்லு" என்றும் சொன்னா. போனில் சொன்னால் "ஓம் மாமா" என்றுவிட்டு மறந்துபோவாய். அதுதான் எழுதுகிறேன்.

ஒன்ராறியோவில் வின்ரர் ரயர் அவரவர் விருப்பம். கியூபெக்கில் அது சட்டம். அங்கே பதிந்த கார் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அந்த ரயரில்தான் ஓட வேண்டும். அதற்காக டிசம்பர் வரட்டும் என்று இராதே. குளிர் 7 பாகைக்குக் கீழே போனதும் சாதாரண ரயரின் றப்பர் இறுகத் தொடங்கிவிடும், றோட்டைப் பிடிக்காது. வின்ரர் ரயரின் றப்பர் அந்தக் குளிரிலும் இளக்கமாகவே இருக்கும்.

ரயரின் பக்கத்தில் மூன்று முகட்டு மலையும் அதற்குள் பனிப்பூவும் பொறித்த முத்திரை இருக்கிறதா என்று பார். வயதையும் பார். தயாரிப்பு எண்ணின் கடைசி நாலு இலக்கம் 3524 என்றால், 2024ஆம் ஆண்டின் 35ஆவது கிழமையில் செய்தது. வாங்கினால் நாலும் வாங்கு. "முன் சில்லுத்தானே இழுக்குது, இரண்டு காணும்" என்று சொல்ல ஆள் இருக்கும். முன்பக்கம் பிடித்துப் பின்பக்கம் வழுக்கினால் வளைவில் கார் சுற்றிவிடும்.

இவ்வளவையும் கடைக்காரரே சொல்லுவார். நான் எழுத வந்தது சில்லைப் பற்றி.

வருடத்துக்கு இரண்டு தரம் ஒரே ரிம்மில் ரயரைக் கழற்றிப் பூட்டுவதைவிட, இரும்பு ரிம் நாலு தனியாக வைத்திருப்பது நல்லது. ரயரின் விளிம்பும் பழுதாகாது, கூலியும் மிச்சம். அந்தக் கணக்கில்தான் 2009இல் என் ஹொண்டா சிவிக்குக்கு, ஒருவரிடம் கம்ரியின் பழைய ரிம் நாலு மலிவாக வாங்கினேன். இரண்டு காருக்கும் ஐந்து போல்ட், 114.3 மில்லிமீற்றர் வட்டம். அளந்து பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன். புது ரயரையும் அதில் ஏற்றுவித்தேன்.

நவம்பர் மாதம், பின்னேரமே இருட்டிவிட்டது. ஜக்கில் காரை உயர்த்தி, சில்லைத் தூக்கி வைக்கிறேன். போல்ட் ஐந்தும் துளைக்கு நேரே நிற்கிறது, ரிம் மட்டும் உள்ளே போகுதில்லை. திருப்பி வைத்தேன், காலால் உதைத்தேன். விரல் விறைத்ததுதான் மிச்சம். பிறகுதான் விளங்கியது: சிவிக்கின் நடுக்குடம் 64.1 மில்லிமீற்றர், கம்ரி ரிம்மின் நடுத்துளை 60.1. நாலே நாலு மில்லிமீற்றர்!

எனக்கு ஏறாமல் போனது ஒருவகையில் நல்லதுதான். துளை பெரிதாக இருந்தால் ரிம் ஏறிவிடும், ஆனால் நடுவில் அமராது. வேகம் எடுத்ததும் ஸ்டியரிங் நடுங்கும். அதற்கு இடைவளையம் போட வேண்டும். நட்டும் அப்படித்தான். ஹொண்டாவின் சொந்த ரிம்முக்கு உரிய நட்டின் அடி உருண்டை. வெளியில் வாங்கும் ரிம்முக்குப் பெரும்பாலும் கூம்பு நட். மாறிப் போட்டால் இறுகினதுபோல் இருக்கும், ஓட ஓடக் கழரும்.

உன் காரில் இருப்பது 215/50, 17 அங்குலம். 16 அங்குல ரிம்மில் 215/55 போடு. சில்லின் மொத்த உயரம் 647 மில்லிமீற்றரிலிருந்து 643 ஆகும், வேகமானி பிழைக்காது. விலையும் குறைவு. றப்பர் தடிப்பாக இருப்பதால் மொன்றியல் குழிகளில் ரிம் இலேசில் வளையாது. 16 அங்குலத்துக்குக் கீழே இறங்காதே, பிரேக் இடிக்கலாம்.

பூட்டி 100 கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளை அளவுச் சாவியால் இன்னொருமுறை இறுக்கு. முதல் பனி விழுந்த பிறகு கடையில் இடம் கிடைக்காது, இந்தக் கிழமையே பதிந்துவை.

அந்தக் கம்ரி ரிம் நாலும் இன்னும் கராஜில்தான் கிடக்கிறது. எறியச் சொல்லி மாமி ஒவ்வொரு கோடைக்கும் சண்டை. நீ எப்போதாவது கம்ரி வாங்கினால் சொல்லு, ஆனால் அளந்து பார்த்துவிட்டு எடு.

அன்புடன்,
மாமா