பட்டப் பகலில் விளக்கு எதற்கு?

பட்டப் பகலில் விளக்கேற்றி வைப்பவனைக் கண்டால் ஊர் நகைக்கும். ஆனால் நாம் கல்வி பயிலும் இந்த மும்பை மாநகரில், பகலிலும் விளக்கில்லாமல் சோற்றுப் பானையைக்கூடக் காண முடியாத வீடுகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றுள் ஒன்றில்தான் நான் பிறந்து வளர்ந்தேன்.

தாராவியில் எங்கள் வீடு பத்தடிக்குப் பத்தடி. கீழே ஒரு குடும்பம். இரும்பு ஏணியில் ஏறினால் மேலே நாங்கள். மூன்று புறமும் அடுத்த வீட்டுச் சுவர்கள். தலைக்கு மேல் தகரக் கூரை. வெளிச்சம் வரும் வழி வாசல் ஒன்றே. காலை முதல் இரவு வரை ஒரு பல்பு எரிந்துகொண்டே இருக்கும். மின்சாரம் நின்றுவிட்டால் நண்பகலும் நள்ளிரவுதான். அரிசியில் கல் பொறுக்க என் தாயார் ஏணியின் தலைப்படிக்கு வந்து உட்காருவார். அவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். "நம்ம ஊர் வீட்டுக் கூரையில ஒரு கண்ணாடி ஓடு கெடக்கும்லா? அது ஒண்ணு போதும்லே, அடுக்களை பூரா வெளிச்சம்" என்று அடிக்கடி சொல்வார். பௌதிகம் படிக்க வந்த பிறகே, அம்மாவின் சொல்லில் எவ்வளவு பௌதிகம் அடங்கியிருக்கிறது என்பது எனக்குப் புலப்பட்டது. அதைக் கணக்கோடு நண்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒளியை அளப்போம்

ஒரு விளக்கிலிருந்து வெளிப்படும் ஒளியின் அளவை லூமன் என்ற அலகால் குறிப்பர். ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் ஒரு லூமன் ஒளி சீராக விழுமானால், அங்குள்ள வெளிச்சம் ஒரு லக்ஸ். பழைய 60 வாட் குண்டு பல்பு ஏறத்தாழ 700 லூமன் தந்தது. இக்காலத்து எல்.இ.டி. விளக்கு அதே ஒளியை 7 அல்லது 8 வாட்டிலேயே தந்துவிடுகிறது. நெடுநேரம் கண் நோகாமல் படிக்க 300 லக்ஸ் வரை தேவை என்பது பொதுவான விதி.

இனிச் சூரியனைப் பார்ப்போம். வானம் தெளிந்த நண்பகலில் வெட்டவெளியில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் வெளிச்சம் உண்டு. மேகம் மூடிய பகலிலும் அது 10,000 லக்ஸ் அளவுக்கு இருக்கலாம். ஒரு நாள் நண்பகலில் எங்கள் வீட்டு விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசியில் உள்ள ஒளிமானியைக் கொண்டு அறையின் பின்மூலையில் அளந்தேன். 4 லக்ஸ் காட்டிற்று. ஒரு லட்சத்துக்கும் நான்குக்கும் இடையே நின்றது ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத தகரம்!

ஒரு பாட்டிலின் கணக்கு

அந்தத் தகரத்தில் வழி திறப்பது எப்படி? பிரேசில் நாட்டில் ஊபராபா என்னும் ஊரைச் சேர்ந்த ஆல்பிரெடோ மோசர் என்ற மெக்கானிக் 2002ஆம் ஆண்டில் ஒரு வழி கண்டார். மின்வெட்டு மிகுந்திருந்த காலம் அது. இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, பாசி பிடிக்காதிருக்க இரண்டு மூடி பிளீச்சிங் திரவம் ஊற்றி, கூரையில் துளையிட்டுப் பொருத்தினார். 2011 முதல் பிலிப்பைன்ஸ் நாட்டில் இல்லாக் தியாஸ் என்பவரின் தொண்டு நிறுவனம் 'ஒரு லிட்டர் ஒளி' என்ற பெயரில் இதைக் குடிசைப் பகுதிகளில் பரப்பியது. பின்னர் அது பல நாடுகளுக்கும் சென்றது.

இந்தப் பாட்டில் எவ்வளவு ஒளி தரும்? அதன் குறுக்களவு சுமார் 11 சென்டிமீட்டர். ஆகவே குறுக்குப் பரப்பு 95 சதுர சென்டிமீட்டர், அதாவது 0.0095 சதுர மீட்டர். இதை 1,00,000 லக்ஸால் பெருக்கினால் 950 லூமன். எதிரொளிப்பிலும் வழியிலும் பாதி வீணாகிறது என்று கொண்டாலும் 475 லூமன் மிஞ்சும். பழைய 40 வாட் குண்டு பல்புக்கு இது குறைந்ததன்று.

"சூரியத் தகடு வாங்கி மாட்டலாமே" என்று சிலர் கேட்கக்கூடும். அதே 95 சதுர சென்டிமீட்டர் தகட்டின்மேல் நண்பகலில் விழும் சூரிய ஆற்றல் 9.5 வாட். நூற்றுக்கு 20 பங்கு மின்சாரமானால் 1.9 வாட். வாட்டுக்கு 100 லூமன் தரும் விளக்கில் அது 190 லூமன். ஒளியை மின்சாரமாக்கி, மின்சாரத்தை மீண்டும் ஒளியாக்குவதில் இத்தனை நட்டம். பகலில் தேவைப்படும் ஒளியை ஒளியாகவே உள்ளே கொணர்வதுதான் சிக்கனம்.

வெறும் துளை போதாதா?

துளையிட்டு ஒரு கண்ணாடித் துண்டை வைத்தாலும் அதே அளவு ஒளி வருமே என்பது நியாயமான ஐயம். வரும். ஆனால் நேர்வெயில் தரையில் ஒரு வட்டமாக விழுந்து கண்ணைக் கூசச் செய்யும். மற்ற இடம் மங்கலாகவே தோன்றும். நீர் நிறைந்த பாட்டிலில் நடப்பது வேறு. நீரின் ஒளிவிலகல் எண் 1.33. ஆகவே உள்ளிருந்து பக்கச் சுவரில் 49 பாகைக்கு மேற்பட்ட கோணத்தில் படும் கதிர்கள் வெளியேறாமல் முழு அக எதிரொளிப்பு அடைந்து கீழே இறங்குகின்றன. அடிப்பகுதியின் வளைவுகளிலும் மேடுபள்ளங்களிலும் அவை பல திசைகளில் சிதறி அறையெங்கும் பரவுகின்றன. பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதால், காலையிலும் மாலையிலும் சாய்ந்து வரும் கதிர்களும் அகப்படுகின்றன. மும்பை 19 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. மே மாத நடுவிலும் ஜூலை இறுதியிலும் நண்பகற் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். டிசம்பரில்கூட அது 47 பாகை உயரத்துக்குக் குறைவதில்லை. இம்முறைக்கு ஏற்ற ஊர்தான் நம்முடையது.

நான் செய்த பிழை

சென்ற ஆண்டு மே விடுமுறையில் நானும் என் தம்பியும் மூன்று பாட்டில்களைப் பொருத்தினோம். தகரத்தை நேரே வெட்டி, பாட்டிலை நுழைத்து, கடையில் வாங்கிய கெட்டிப் பசையைச் சுற்றிலும் அப்பினோம். வீடு பளிச்சென்று ஆயிற்று. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துச் சென்றனர். ஜூன் மாதம் முதல் மழை பெய்தது. விடியற்காலையில் எழுந்தால், பத்தாம் வகுப்புப் படிக்கும் என் தங்கையின் கணக்கு நோட்டு நனைந்து கிடந்தது.

பிழை பாட்டிலில் இல்லை. என் மறதியில் இருந்தது. தகரம் வெயிலில் விரியும், இரவில் சுருங்கும். கெட்டிப்பட்ட பசை அதற்கு இசைந்து கொடுக்காமல் வெடித்துவிட்டது. பள்ளியில் படித்த வெப்ப விரிவைக் கூரைமேல் ஏறியதும் மறந்திருந்தேன்! மழை ஓய்ந்த பிறகு முறையாகச் செய்தோம். முதலில் ஒரு சதுரத் தகரத் துண்டில் பாட்டில் இறுக்கமாகச் செல்லும் அளவுக்கு வட்டம் வெட்டி, அதன் விளிம்பைப் பல் பல்லாகக் கத்தரித்து மேல்நோக்கி மடக்கிக் கழுத்துப்பட்டை போலாக்கினோம். பாட்டிலைத் தரையிலேயே அதில் பொருத்தி, வளைந்து கொடுக்கும் சிலிகான் பசையால் அடைத்தோம். பின்னரே கூரைத் துளையில் இறக்கி, தகரத் துண்டை ரிவெட் அடித்து, ஓரங்களிலும் பசை பூசினோம். இரண்டு கிலோ எடையுள்ள நீரை இப்போது தகரப் பட்டை தாங்குகிறது. பசைக்கு நீரைத் தடுக்கும் வேலை மட்டுமே. பாட்டிலின் மூடி வெயிலில் வெடிக்காதிருக்க அதன்மேலும் ஓர் உறை வேண்டும். புற ஊதாக் கதிரால் பிளாஸ்டிக் நாளடைவில் மங்கும். சில ஆண்டுகளுக்கொருமுறை பாட்டிலை மாற்ற வேண்டியிருக்கும்.

ஓர் எச்சரிக்கை. கூரை கல்நார்த் தகடாக இருந்தால், அதாவது ஆஸ்பெஸ்டாஸாக இருந்தால், அதில் துளையிடவே கூடாது. அதன் தூசி நுரையீரலில் தங்கிக் கொடிய நோய்களை விளைவிக்கும்.

இதனால் எவ்வளவு கிடைக்கும், எவ்வளவு கிடைக்காது?

மிகைப்படுத்திச் சொல்வது விஞ்ஞானம் பயில்வோருக்கு அழகன்று. 475 லூமனைப் பத்தடிச் சதுர அறையின் 9.3 சதுர மீட்டருக்குப் பங்கிட்டால் சராசரி 51 லக்ஸ். சமைக்கவும் நடமாடவும் ஒரு பாட்டில் போதும், படிக்கப் போதாது. மூன்று பாட்டில்கள் இருந்து, அவற்றின் கீழே அமர்ந்தால் படிக்கலாம். மேகம் சூழ்ந்த மழைக்காலத்தில் இந்த ஒளி பத்தில் ஒன்றாகக் குறையும். மின்கட்டணத்திலும் பெரிய மிச்சம் இல்லை: 8 வாட் விளக்கைப் பகலில் ஒன்பது மணி நேரம் அணைத்து வைத்தால் மாதத்துக்கு இரண்டு யூனிட் மிஞ்சும், அவ்வளவே. மின்சாரம் நின்றாலும் பகல் பகலாகவே இருக்கிறது என்பதே இதன் மெய்யான பயன்.

பாட்டில் வைக்க வழியில்லாதவர்களும் ஒன்று செய்யலாம். சுவருக்கும் கூரையின் உட்புறத்துக்கும் வெள்ளையடிக்கலாம். நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 80 பங்கைத் திருப்பித் தரும். புகையேறிய சுவர் 10 அல்லது 20 பங்கைத் தந்தாலே அதிகம். வாசல் வழியே வரும் சிறிது ஒளியும் வெள்ளைச் சுவர்களில் பட்டுப் பட்டுப் பின்மூலை வரை செல்லும். சுண்ணாம்பைவிட மலிவான விளக்கு வேறில்லை.

இரவுக்கு என்ன வழி?

சூரியத் தகட்டின் இடம் இங்கேதான். 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான சிலிக்கன் மின்கலம் நூற்றுக்கு 6 பங்கு ஒளியையே மின்சாரமாக்கியது. இன்றைய தகடுகள் 20 பங்கை எட்டியுள்ளன. நீல ஒளி தரும் எல்.இ.டி. பிறந்ததால் வெள்ளை விளக்கும் மலிவாயிற்று. அதைக் கண்ட அகாசாகி, அமானோ, நாகாமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் மும்பை ஐ.ஐ.டி. தொடங்கிய திட்டம் ஒன்றின்கீழ், கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பத்து லட்சம் சூரியப் படிப்பு விளக்குகள் வழங்கப்பட்டன. உள்ளூர் மக்களே பயிற்சி பெற்று அவற்றைப் பூட்டிக் கொடுத்தனர் என்பது இன்னும் சிறப்பு.

ஒரு வாட் எல்.இ.டி. 100 லூமன் தரும். அதை அறை முழுதும் பரப்பினால் 11 லக்ஸ்கூட வராது. ஏட்டைச் சுற்றி அரைச் சதுர மீட்டரில் மட்டும் விழச் செய்தால் 200 லக்ஸ். நான்கு மணி நேரம் எரிய 4 வாட்-மணி வேண்டும். ஒன்றரை வாட் தகடு ஒரு நாள் நல்ல வெயிலில் அதைச் சேர்த்துவிடும். அறைக்கு விளக்கு வேண்டாம், ஏட்டுக்கு விளக்கு போதும் என்று எண்ணத் தொடங்கினால் செலவு தானாகவே சுருங்கும்.

நண்பர்களே, நம் சங்கத்தில் பௌதிகமும் பொறியியலும் பயில்வோர் பலர். தாராவி நம் பல்கலைக்கழகத்திலிருந்து தொலைவில் இல்லை. அங்கே நம்மவர் வீடுகளும் பிறர் வீடுகளும் ஒன்றுபோலவே இருண்டு கிடக்கின்றன. மழை முடிந்த பின் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்தாறு பேர் சேர்ந்தால் நாளொன்றுக்கு இரண்டு கூரைகளை முடிக்கலாம். தகரம் வெட்டும் கத்தரி, ரிவெட் கருவி, சிலிகான் பசை இருந்தால் போதும். பாட்டில்கள் நம் விடுதியிலேயே குப்பையில் கிடக்கின்றன. வர விரும்புவோர் சங்க அறையில் பெயர் கொடுங்கள். வழிகாட்ட நான் இருக்கிறேன். என் தாயாரும் இருப்பார். இப்போதெல்லாம் அவர் இரண்டாவது பாட்டிலின் கீழே உட்கார்ந்துதான் அரிசியில் கல் பொறுக்குகிறார்.