நிலநடுக்க ஆய்வுக்கு வரும் இளையோருக்குச் சில சொற்கள்

1. முதலில் கொய்னாவைப் படியுங்கள். மகாராஷ்டிரத்தின் அந்த அணையில் 1962 வாக்கில் நீர் தேங்கத் தொடங்கியதுமே சிறு அதிர்வுகள் தென்பட்டன. 1967 டிசம்பர் 11 அதிகாலை, 6.3 ரிக்டர் அளவில் நிலம் குலுங்கி ஏறத்தாழ 180 பேர் மாண்டனர். இன்றும் பருவமழையில் நீர்மட்டம் ஏறிய பின் அங்கே அதிர்வுகள் கூடுகின்றன. நீரின் எடை உடனே அழுத்தும். பாறை வெடிப்புகளுக்குள் நீரழுத்தம் ஊடுருவி ஆழத்துக்குப் போய்ச்சேர மாதக்கணக்காகலாம். நீர்மட்டத்தையும் அதிர்வையும் ஒரே நாளில் பொருத்திப் பார்த்துவிட்டுத் தொடர்பில்லை என்று எழுதிவிடாதீர்கள்.

2. தூண்டுதல் வேறு, காரணம் வேறு. நிலநடுக்கத்தில் விடுபடும் தகைவு பொதுவாகச் சில மெகாபாஸ்கல். நிலவும் சூரியனும் நிலத்துக்குள் உண்டாக்கும் ஓதத் தகைவோ சில கிலோபாஸ்கல்தான். கார் டயரில் அடைக்கும் காற்றே ஏறத்தாழ 200 கிலோபாஸ்கல். முறியும் தறுவாயில் இருக்கும் பிளவை மட்டுமே ஓதம் அசைக்கும்.

3. தகைவின் அளவோடு அது வந்துபோகும் காலத்தையும் கவனியுங்கள். எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது. நேபாள இமயத்தில் சிறு நடுக்கங்கள் கோடையைவிடக் குளிர்காலத்தில் அதிகம். மழைக்காலத்தில் கங்கைச் சமவெளி சுமக்கும் நீர் வடிந்து சுமை குறைவதே காரணம் என்கிறார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது. அந்த மாற்றமும் சில கிலோபாஸ்கல்தான், ஓதத்தின் அளவுதான். ஆனால் ஓதத்தின் தடம் அங்கே தெரியவில்லை. ஏன்? பிளவு சட்டென்று அறுவதில்லை. மெல்ல நழுவி, வேகம் பிடித்து, அப்புறம்தான் ஓடுகிறது. அந்தத் தொடக்கம் அரை நாளைவிட நீண்டால், 12 மணி நேரத்தில் ஏறி இறங்கும் ஓதம் அதில் பதியாது. மாதக்கணக்கில் நீடிக்கும் சுமை பதியும். லாக்னரும் பீலரும் 1999-இல் ஆய்வகத்தில் பாறையை அலைபோல் அழுத்திப் பார்த்த சோதனையை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

4. பிளவு எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறது என்று கேளுங்கள். ஓதம் அதை இறுக்குமா தளர்த்துமா என்பது அதைப் பொறுத்தது. பசிபிக்கின் ஆக்சியல் கடலடி எரிமலையில் கடலோதம் இறங்கும்போதுதான் நடுக்கம் கூடுகிறது.

5. பின்னதிர்வுகளை நீக்காமல் கால ஒழுங்கு தேடாதீர்கள். 1897-இல் ஆர்தர் சூஸ்டர் வகுத்த சோதனை ஒவ்வொரு நடுக்கமும் தனித்தனி என்றே எடுத்துக்கொள்கிறது. ஒரு பெரிய நடுக்கத்தின் பின்னதிர்வுக் கூட்டமே பொய்யான தாளத்தைக் காட்டிவிடும்.

6. பௌர்ணமியன்று நிலநடுக்கம் வருமா என்று ஊரார் கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். பௌர்ணமியும் அமாவாசையும் மாதந்தோறும் வருகின்றன. பேரதிர்வு அப்படி வருவதில்லை. நாள் குறித்துக் கொடுக்காதீர்கள். வீட்டை உறுதியாகக் கட்டச் சொல்லுங்கள்.