தொழிற்களப் பாதுகாப்பும் தொழிற்பற்றும்

திருகோணமலை கடலால் வாழும் நகரம். ஆழமும் அடைக்கலமும் ஒருங்கே வாய்ந்த இயற்கைத் துறைமுகம் இதற்குப் புகழ் தந்தது. துறைமுகத்தைச் சார்ந்த தொழில்கள் இதன் மக்களுக்குச் சோறு தந்தன. 1957ஆம் ஆண்டு பிரித்தானியர் தம் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கையளித்தனர். பின்னாளிற் சீனன்குடாவை அண்டி மா ஆலையும் சீமெந்துத் தொழிற்சாலையும் எழுந்தன. இத்தகைய களங்களிற் கைக்கொள்ளப்படும் பாதுகாப்பு முறைகள் தொழிலாளரின் பற்றை எவ்வாறு வளர்க்கின்றன என்பதை ஈண்டு ஆராய்வாம்.

தொழிற்பற்று என்பது யாது? 1991இல் மேயர், அலன் என்னும் அறிஞர் இருவர் அதனை மூவகைப்படுத்தினர். நிறுவனத்தின்பால் உள்ளம் ஒன்றி நிற்றல் முதல்வகை; விலகினால் நேரும் இழப்பை எண்ணி நிற்றல் இரண்டாம் வகை; நிற்பதே கடமையென உணர்ந்து நிற்றல் மூன்றாம் வகை. வரவுப் பதிவேட்டில் இம்மூவகையினரும் ஒரு தன்மையராகவே தோன்றுவர். வேறு வேலை எளிதிற் கிடையாத ஊரில், இரண்டாம் வகையினரை முதல்வகையினரென முகாமையாளர் மயங்குதல் இயல்பே.

இவ்வேறுபாடு புலப்படுவது ஆபத்து நெருங்கும் வேளையிலாகும். மா ஆலைத் தொழிலை எடுத்துக்கொள்வோம். காற்றிற் செறிந்து கலந்த மாத்தூள் தீப்பொறி பட்டால் வெடிக்கும். 1878ஆம் ஆண்டு மே மாதம் 2ஆந் திகதி அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் நகரத்து மா ஆலையொன்று இவ்வாறு வெடித்ததில் 18 பேர் மாண்டனர். எந்திரத்தருகே தூள் படிவதை முதலிற் காண்பவன் மேலதிகாரி அல்லன். அங்கு நிற்கும் தொழிலாளியே. உள்ளம் ஒன்றியவன் உடனே எடுத்துரைப்பான். இழப்புக்கு அஞ்சி நிற்பவனோ, உரைத்தால் வேலை போய்விடுமோ என்று வாய்மூடி இருப்பான்.

அவனை வாய்திறக்கச் செய்வது எது? சட்டம் வேண்டியதே. இலங்கையில் 1934இல் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும், 1942இல் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் இயற்றப்பட்டன. 2022இற் சர்வதேசத் தொழில் தாபனம் பாதுகாப்பும் சுகாதாரமும் உள்ள தொழிற்சூழலை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக ஏற்றது. ஆயினும் சட்டம் வேலியிடும்; பற்றை ஊட்டாது. 1980இல் சோகார் என்னும் அறிஞர் இஸ்ரவேல் நாட்டின் 20 தொழில் நிறுவனங்களை ஆராய்ந்தார். பாதுகாப்பைப் பற்றி முகாமையினர் கொண்ட மனப்பாங்கைத் தொழிலாளர் எவ்வாறு கணிக்கின்றனர் என்பது தலையாய காரணங்களுள் ஒன்று என அவர் கண்டார்.

இக்கணிப்புச் சுவரில் தொங்கும் அறிவித்தலால் எழுவதன்று. துறையிற் கப்பல் காத்திருக்கின்றது. பாரந்தூக்கியின் கம்பிவடம் நைந்துள்ளதென ஒருவன் கூறுகின்றான். மேற்பார்வையாளர் வேலையை நிறுத்துகின்றாரா, “இந்த ஒரு முறை மட்டும்” என்கின்றாரா என்பதை அனைவரும் நோக்கி நிற்பர். நிறுத்துவாராயின், எம் உயிரைச் சரக்கினும் பெரிதாக மதிக்கின்றனர் என்னும் எண்ணம் வேரூன்றும். அம்மதிப்புக்குக் கைம்மாறாகவே பற்றுப் பிறக்கும். நிறுத்தாராயின், தலைக்கவசமும் கையுறையும் வெறுங் கண்துடைப்பாகிவிடும்.

எம் கல்லூரி மாணவருட் பலர் நாளை மேற்பார்வையாளராகவும் பொறியியலாளராகவும் பிறர் உயிருக்குப் பொறுப்பேற்பர். தமக்குக் கீழுள்ளவன் குறையொன்றைச் சுட்டும்போது அவனைச் சினவாது செவிகொடுத்தலே அவர்கள் பயிலவேண்டிய முதற் பாடமெனக் கருதுகின்றோம்.