பழைய புல்லட்டை உதைக்கும் முன்

மட்டாஞ்சேரியில் நம்மவர் வீட்டு வாசல்களில் அப்பா ஓட்டிய புல்லட் சில இன்னும் நிற்கின்றன. மகன் பத்து உதை உதைக்கிறான். கிளம்பவில்லை என்றதும் பழைய இரும்புக்காரரிடம் விலை கேட்கிறான். அதனால்தான் இந்தப் பாடம்.

1955இல் இங்கிலாந்துப் பாகங்களைச் சென்னையில் பூட்டத் தொடங்கி, பிறகு திருவொற்றியூரிலேயே செய்த வண்டி. வார்ப்பிரும்பு எஞ்சின், பாயிண்ட் வைத்த 350-ஐத்தான் சொல்கிறேன். இதற்குப் பலம் பெரிதல்ல. முள்ளைப் பார்க்கத் தெரிய வேண்டும்.

பெட்ரோல் குழாயைத் திறந்து, நியூட்ரலில் சாவி போடுங்கள். பாயிண்ட் மூடியிருந்தால் ஆம்பியர் மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கும். கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். முள் நடுவுக்குத் திரும்பினால் பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சியை நெருங்கிவிட்டது. அங்கே நிறுத்தி, இடது கைப்பிடியருகே உள்ள டீகம்ப்ரஷன் லிவரை இழுத்தபடி கிக்கரை இன்னும் சற்றே தள்ளுங்கள். லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மூச்சில் அடிவரை உதையுங்கள். ஆக்சிலேட்டரை முறுக்க வேண்டாம். அரைகுறையாக உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் தாங்காது.

முள் அசையவே இல்லையா? முதலில் பேட்டரி முனைகளைத் துடையுங்கள். அடுத்தது பாயிண்ட். நம் துறைமுகத்து உப்புக்காற்றில் அதன் முகம் கறுத்துவிடும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். இடவப்பாதி மழை ஓய்ந்ததும் நான் முதலில் கழற்றுவது அந்தச் சின்ன மூடியைத்தான்.